டிஸ்க் 42 சதவீதம்தான், எச்சரிக்கை மட்டும் நிற்கவில்லை

சென்னை தரமணியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வாசகி கேட்கிறார்: “டிஸ்க் 90 சதவீதத்தைத் தாண்டினால் மெயில் அனுப்ப ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். 42 சதவீதம் இருக்கும்போதே மெயில் வந்துகொண்டே இருக்கிறது. 90 என்ற பெயரில் ஒரு காலி ஃபைலும் முளைக்கிறது. ஏன்?”

அந்தக் காலி ஃபைலைக் கவனித்தீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. உங்கள் நிபந்தனை ஓடும்போது [ 42 > 90 ] என்று ஆகிறது. இங்கே > பெரியது என்ற குறி அல்ல. வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பும் குறி. சதுர அடைப்பும் வெறும் குறி அல்ல, ‘டெஸ்ட்’ (test) கட்டளையின் இன்னொரு பெயர். (அதனால்தான் அடைப்பை ஒட்டி இடைவெளி கட்டாயம்.) ஆக ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) [ 42 ] என்பதை ஓட்டி, வெளியீட்டை 90 என்ற ஃபைலுக்கு அனுப்புகிறது. உள்ளே ஒரே சொல் இருந்தால், அது காலியா என்று மட்டுமே டெஸ்ட் பார்க்கும். 42 காலி இல்லை, எனவே உண்மை.

நிபந்தனையைப் பார்க்கும் ‘இஃப்’ (if) கணக்குப் போடுவதில்லை. ஒரு கட்டளையை ஓட்டி, அது முடியும்போது தரும் எண்ணைப் பார்க்கிறது. 0 என்றால் உண்மை, வேறு எதுவும் பொய்.

சரி, > இருந்த இடத்தில் -ஜிடி (-gt, எண்ணாக ஒப்பிட்டு ‘பெரியதா’ என்று பார்ப்பது) போடுங்கள். உங்கள் ஷெல் பாஷ் (bash) என்றால் (( 100 > 90 )) மாதிரி இரட்டை வளைவு அடைப்பும் சரி. இரட்டைச் சதுர அடைப்பில் > வேண்டவே வேண்டாம். அங்கே அது எழுத்து வரிசையில் ஒப்பிடும்: 91 முதல் 99 வரை ஒழுங்காக வேலை செய்யும், டிஸ்க் முழுதாக நிரம்பி 100 ஆகும்போது மட்டும் வாயே திறக்காது, ஏனென்றால் 1 என்பது 9-க்கு முன்னால் வரும். உபுண்டு லினக்ஸில் ‘எஸ்எச்’ (sh) என்பது பாஷ் அல்ல, டாஷ் (dash) என்ற வேறொரு ஷெல். அதற்கு இரட்டைச் சதுர அடைப்பே தெரியாது.

இன்னொன்று. டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் ‘டிஎஃப்’ (df) கட்டளை தருவது 42 அல்ல, 42%. அந்தக் குறியோடு -ஜிடி போட்டால் பிழை வரும், வெளியேறும் எண் 2. இஃப் அதையும் பொய் என்றே எடுத்துக்கொள்ளும், மெயில் வராது. வீண் மெயிலைவிட இந்த மௌனம்தான் எனக்குப் பயம். முதலில் % குறியை நீக்குங்கள். அப்புறம் ‘கேஸ்’ (case, மதிப்பை ஒரு வடிவத்தோடு ஒப்பிடுவது) போட்டு, ''|*[!0-9]* என்ற வடிவத்துக்குப் பொருந்தினால், அதாவது காலியாகவோ எண் அல்லாததாகவோ இருந்தால், அதற்கும் ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள்.

42, 91, 100, காலி என நான்கையும் கையால் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். பழைய 90 ஃபைலை நீக்கிவிடுங்கள்; மறுபடி முளைத்தால் எங்கோ ஒரு > மிச்சம் இருக்கிறது.