கடவுளை எதிர்க்கும் நாடுகளையும் அவரே ஆள்கிறார் என்று கிறிஸ்தவர்கள் சொல்வது எப்படி?

யாங்கோனில் தமிழ் ஆராதனை முடிந்து, வாசலில் செருப்பு மாட்டும்போது எழுகிற கேள்வி இது. எந்த அரசனுக்கும் மேலே கடைசி அதிகாரம் கடவுளுடையது என்பதே இந்த நம்பிக்கை. காரணம், உலகைப் படைத்தவர் அவர்; அரசர்களிடம் இருப்பது இரவல் அதிகாரம்.

வேதாகமத்தில் ஏசாயா 10-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இஸ்ரவேலைத் தண்டிக்கும் கோலாக அசீரியா என்ற அந்தக் காலப் பேரரசைக் கடவுள் பயன்படுத்துகிறார். அசீரிய ராஜாவோ எல்லாம் தன் கைபலம் என்று பீற்றிக்கொள்கிறான். வெட்டுகிறவனிடமே கோடரி பெருமையடிக்குமா என்று கேட்டு, அவனையும் கடவுள் தண்டிக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கருவியாக இருந்தான் என்பதற்காக அவன் குற்றம் தள்ளுபடி ஆகவில்லை.

யாங்கோனின் பன்சோடான் துறையிலிருந்து ஆற்றின் அக்கரையில் உள்ள டலாவுக்குப் போகும் படகில் ஏறியிருப்பீர்கள். உள்ளே ஒருவர் கோபத்தில் பின்பக்கமாக நடக்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் சண்டையும் போடலாம். நடப்பது அவர் இஷ்டம். படகு டலாவுக்குத்தான் போகும். அரசர்கள் எப்படி நடந்தாலும் கடவுளின் திட்டமும் அப்படித்தான். (எந்த உவமையும் முழுக்கப் பொருந்தாது, சரி.)

அப்புறம், ஆள்பவர்கள் செய்யும் கொடுமைக்கெல்லாம் கடவுள் சம்மதித்தார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் அனுமதிப்பது வேறு, விரும்புவது வேறு.