வீட்டில் கணிதம் படிப்பிக்க எந்தப் புத்தகம்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில், தென்மராட்சியில் வசிக்கிறோம். குடும்பச் சூழ்நிலையால் பிள்ளைகள் இருவருக்கும் இப்போது நானே வீட்டில் படிப்பிக்கிறேன். மகனுக்கு 10 வயது, மகளுக்கு 7 வயது. அரசாங்கப் பாடநூல், இணையத்தில் எடுத்த தமிழ்நாட்டுப் பாடநூல், வெளிநாட்டிலிருந்து மச்சாள் அனுப்பிய சிங்கப்பூர் முறைக் கணிதப் புத்தகங்கள் என மூன்றும் மேசையில் கிடக்கின்றன. மகன் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் பிழையின்றிச் செய்வான். வசனக் கணக்கு என்றால் திகைத்து நிற்கிறான். எதைப் பின்பற்றுவது?

பதில்: எந்தப் புத்தகம் சிறந்தது என்று பார்ப்பதற்கு முன், பிள்ளை பிற்காலத்தில் எந்தப் பரீட்சையை எந்த மொழியில் எழுதப் போகிறான் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். அவன் மீண்டும் பாடசாலைக்குப் போனாலும், தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றினாலும், தமிழ் மொழிமூலம் க.பொ.த. சாதாரண தரத்துக்குத்தான் வந்து சேர்வான் என்றால், அரசாங்கப் பாடநூலையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. அத்துடன், தேசிய கல்வி நிறுவகம் தயாரிக்கும் ஆசிரியர் வழிகாட்டியையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை, ஆனால் ஒவ்வோர் அலகிலும் பிள்ளை எதை அடைய வேண்டும் என்பது பாடநூலைவிட அதில்தான் தெளிவாகத் தெரியும்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் பயிற்சிகள் நிறைய உண்டு, ஆனால் கலைச்சொற்கள் வேறு. நாம் தொடை (set) என்பதை அவர்கள் கணம் என்பார்கள். முக்கோணி அங்கே முக்கோணம், அட்சரகணிதம் அங்கே இயற்கணிதம், கேத்திரகணிதம் அங்கே வடிவியல், ஆகாரம் (தரவுகளில் அதிக தடவை வரும் பெறுமானம்) அங்கே முகடு. சின்ன வகுப்பில் இது பெரிய இடைஞ்சல் இல்லை. தரம் 6க்குப் பிறகு இரண்டு நூல்களையும் மாறி மாறிப் படிக்கும் பிள்ளை, விடை தெரிந்திருந்தும் வினா விளங்காமல் புள்ளியை இழக்கக்கூடும். எனவே அதைக் கூடுதல் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் முறை நூல்களில் உங்களுக்குத் தேவையானது ஒன்றுதான்: முதலில் கையில் பிடிக்கும் பொருள், பிறகு படம், கடைசியாகக் குறியீடு என்ற படிமுறை. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் சொன்ன கருத்தை ஒட்டி அமைந்த இந்த ஒழுங்கை எந்தப் பாடநூலோடும் சேர்த்து நடத்தலாம். அதற்காக விலையான கட்டைகள் வாங்க வேண்டியதில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குகளும் ஒரு சிரட்டை புளியங்கொட்டையும் போதும்.

மகனின் சிக்கலுக்கு வருவோம். கணக்கைப் பிழையின்றிச் செய்யும் பிள்ளை வசனக் கணக்கில் நிற்பதற்கு, எந்தச் செய்கையை எப்போது செய்வது என்பது விளங்காமல், சொல்லைப் பார்த்துச் செய்கையைத் தெரிவு செய்யப் பழகியிருப்பதே பெரும்பாலும் காரணம். இதைச் சோதிக்க ஒரு கேள்வி: 'உன்னிடம் 12 மாபிள் இருக்கிறது. அது தங்கச்சியிடம் உள்ளதைவிட 5 அதிகம். தங்கச்சியிடம் எத்தனை?' 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டவுடன் 17 என்பான் என்றால் நோய் பிடிபட்டுவிட்டது. 'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி' என்று யாரோ நல்லெண்ணத்தோடு சொல்லிக்கொடுத்த குறுக்குவழி அது. புலமைப்பரிசில் பரீட்சைக்கான பயிற்சித் தாள்களை மட்டுமே செய்விக்கும்போது இப்பழக்கம் இன்னும் இறுகிவிடும். அத்தாள்களைப் பாடத்திட்டமாகக் கொள்ள வேண்டாம்.

இதற்கு மருந்து பட்டைப் படம். 'இரண்டு சாக்குகளில் சேர்த்து 50 கிலோ வெங்காயம்; பெரிய சாக்கில் மற்றதைவிட 14 கிலோ அதிகம்; சிறிய சாக்கில் எவ்வளவு?' என்று கேளுங்கள். ஒரே அளவான இரண்டு பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, மேலதற்கு மட்டும் 14 என ஒரு துண்டை ஒட்டச் சொல்லுங்கள். அந்தத் துண்டை வெட்டிவிட்டால் மீதி 36, அது இரண்டு சமபங்கு, ஆகவே சிறியதில் 18, பெரியதில் 32 என்பது, எந்தச் சமன்பாடும் தெரியாமலே கண்ணுக்குத் தெரியும். முதல் இரண்டு வாரங்களுக்கு விடையே கேட்காதீர்கள். படத்தை வரைந்து, கதையைத் தன் வாயால் திரும்பச் சொன்னால் போதும். இந்தப் படத்தில் பழகிய பிள்ளைக்குப் பின்னாளில் அட்சரகணிதம் புதிய பாடமாகத் தோன்றாது.

வகுத்தலிலும் இதே கவனம் வேண்டும். 24 மாம்பழத்தை 6 பேருக்குப் பகிர்வதும், 24 மாம்பழத்தை ஆறு ஆறாகக் கூடையில் போட்டுக் கூடைகளை எண்ணுவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டுக்கும் விடை 4 என்பதால் நாம் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. இரண்டாவது கருத்து கிடைக்காத பிள்ளை, 3ஐ அரையால் வகுத்தால் 6 ஏன் வருகிறது என்பதை ஒருநாளும் நம்பாது.

பின்னத்துக்கு நமது ஊரிலேயே அருமையான பாடம் இருக்கிறது. 16 பரப்பு ஓர் ஏக்கர். 4 பரப்பு கால் ஏக்கர், 2 பரப்பு அரைக்கால், ஒரு பரப்பு வீசம் என்று முன்னோர் வைத்த பெயர்களோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். 6 பரப்பு ஏக்கரில் எத்தனை பங்கு என்று கேட்டால் எட்டில் மூன்றுக்கு அவனே வந்துவிடுவான். (காணி உறுதியை எடுத்துக் காட்டினால் ஆர்வம் இன்னும் கூடும்.)

மகளைப் பொறுத்தவரை, தமிழ் எண்பெயர்கள் அவளுக்குப் பெரிய உதவி; பதினேழு என்றாலே பத்தும் ஏழும் தெரிகிறது. ஆனால் தொண்ணூறு என்பதில் நூறும், தொள்ளாயிரம் என்பதில் ஆயிரமும் ஒலிப்பதால் அங்கே பிள்ளைகள் வழுக்குவார்கள். நானூற்று ஏழு என்று சொன்னால் 4007 என எழுதுவதும் காதில் கேட்டதை அப்படியே எழுதுவதால்தான். ஈர்க்குக் கட்டுகளை நூறு, பத்து, ஒன்று என்ற மூன்று கட்டங்களில் வைத்து, பத்தின் கட்டம் வெறுமையாக இருப்பதைக் காட்டிய பிறகே பூச்சியத்தை எழுதச் சொல்லுங்கள்.

அரசாங்கப் பாடநூலின் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே விடயம் சிறிது சிறிதாக ஆண்டுதோறும் திரும்ப வரும்படி அது அமைந்துள்ளது. வகுப்பறையில் ஆசிரியர் அடுத்த அலகுக்குப் போயே ஆகவேண்டும். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. கீழ்த் தரங்களின் நூல்களில் ஒவ்வோர் அலகிலிருந்தும் நான்கு ஐந்து கணக்குகளை எடுத்து, உதவியின்றிச் செய்யவிட்டுப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறானோ அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள், அது தரம் 3 ஆக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னத்தை எடுத்தால் மூன்று தரங்களின் பின்ன அலகுகளையும் சேர்த்தே முடிக்கலாம்.

மகனுக்கு நாளொன்றுக்கு 40 நிமிடம், மகளுக்கு 25 நிமிடம் போதும். அதில் முதல் ஐந்து நிமிடம் பழைய பாடத்தின் மனக்கணக்கு. பிழைத்த கணக்குகளுக்கு ஒரு தனிக் கொப்பி வையுங்கள். அதில் சரியான விடையை மட்டும் எழுதாமல், எங்கே, ஏன் பிழைத்தது என்று ஒரு வரியும் எழுதச் செய்யுங்கள். அந்தக் கணக்கை ஒரு வாரத்துக்குப் பிறகு எண்களை மாற்றி மீண்டும் கொடுங்கள்.

இன்னொன்று: இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால், பிள்ளைகளின் நிலைமையை வலயக் கல்வி அலுவலகத்தில் பேசி வைத்திருப்பது நல்லது, மீண்டும் பாடசாலையில் சேர்க்கும் நாளில் அது உதவும். அதுவரை ஒரு வருடத்துக்காவது அடிப்படை நூலை மாற்றாதீர்கள். மூன்று மாதமாகியும் முன்னேற்றம் தெரியாவிட்டால், வேறு புத்தகம் தேடுவதற்கு முன் பிழைக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்திருக்கும்.