படுக்க இடம் பார்த்துவிட்டுப் பாய் விரியுங்கள்

கடல், காற்று, படகு பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் குளச்சல் பக்கத்து முன்னாள் ஸ்ராங்கு (படகுத் தலைவர்) ஒருவரின் பதில்கள்

நாங்கள் நான்கு நண்பர்கள். 26 அடிப் பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறோம். சின்ன இன்ஜினும் உண்டு. மே நடுவில் பிள்ளைகளுக்கு லீவு. குளச்சலிலிருந்து கொச்சி வரை போக ஒரு வாரம் போதுமா? எங்கெங்கே நங்கூரம் போடலாம்?
*வாசகர், மார்த்தாண்டம்*

ஒரு வாரம் போதும், ஆனால் மே வேண்டாம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் ஜூன் 1-ஆம் தேதி தொடங்கும் என்பது வானிலைத் துறையின் கணக்கு. 2025-இல் அது மே 24-ஆம் தேதியே வந்து இறங்கிவிட்டது. மழை வருவதற்கு முன்னாலேயே கடல் முரண்டு பிடிக்கத் தொடங்கிவிடும் என்பது இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் முதல் பாதியிலோ கிளம்புங்கள். பரீட்சை முடியவில்லையா? பிள்ளைகளைக் கொச்சிக்கு ரயிலில் வரச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் ‘எந்த நாள் எங்கே’ என்று வழி முழுக்க எழுதிவிட்டு, கடைசி வரியில்தான் நங்கூரம் வருகிறது. நான் தலைகீழாகச் செய்வேன். இரவு எங்கே படுப்பது, அங்கே காற்று மாறினால் அடுத்து எங்கே ஓடுவது என்று முதலில் குறித்துக்கொள்வேன். வழி தானாக அமையும்.

குளச்சலிலிருந்து விழிஞ்ஞம் சுமார் 20 கடல் மைல், அங்கிருந்து கொல்லம் சுமார் 40, கொல்லத்திலிருந்து கொச்சி 70-ஐ ஒட்டி வரும். மணிக்கு நாலு மைல் போகிற படகுக்கு முதல் ஓட்டம் ஐந்து மணி நேரம், இரண்டாவது பத்து. இந்தக் கரை வடமேற்காக ஓடுகிறது. கோடையில் மதியத்துக்கு மேல் எழும்பும் கடல்காற்றும் மேற்கு, வடமேற்கிலிருந்துதான் வரும். நேரே முகத்தில் அடிக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பின்னிரவில் கரைக்காற்று இருக்கும். அது உங்கள் வலது பக்கமாக அடித்து, பாயை அழகாக நிரப்பும். மூன்று மணிக்கு நங்கூரத்தைத் தூக்கினால், கடல்காற்று எழும்புவதற்குள் விழிஞ்ஞத்தில் சாயா குடிக்கலாம். கொல்லத்துக்கு நள்ளிரவே கிளம்பிவிடுங்கள். திரும்பும்போது கதையே வேறு. மதியக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும்.

இடங்களுக்கு வருவோம். குளச்சல் இயற்கையாக அமைந்த நல்ல துறை. டச்சுக்காரனுக்கும் அதன்மேல் கண் இருந்தது, 1741-இல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றதோடு சரி. ஆனால் தெற்கே வாய் திறந்த கடல். அந்தப் பக்கத்திலிருந்து நெடுஅலை வந்தால் துறைமுகச் சுவருக்கு வெளியே தூங்க முடியாது. சனிக்கிழமை இரவு உள்ளே இடமும் கிடைக்காது. ஞாயிறு கடலுக்குப் போகாத ஊர்கள். எல்லாப் படகும் கரையில் நிற்கும். பெரிய வெள்ளி வாரத்தில் கேட்கவே வேண்டாம்.

விழிஞ்ஞத்தில் பழைய மீன்பிடித் துறைமுகத்தைத்தான் நம்ப வேண்டும். பக்கத்தில் 2025 மே மாதம் திறந்துவைத்த பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் அனுமதியில்லாமல் எட்டிப் பார்க்கவும் கூடாது. கொல்லத்தில் தங்கசேரி. கலங்கரை விளக்கம் தூரத்திலேயே வழிகாட்டும். நீளமான அலைதடுப்புச் சுவருக்குப் பின்னால் போய்விட்டால் மேற்குக் காற்றுக்குப் பயமில்லை. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

கொல்லத்துக்கு வடக்கே இரவு தங்க எனக்கு மனது ஒப்புகிற இடம் இல்லை. அதனால் மாலை ஆறு மணிக்குக் கடல்காற்று அடங்கும்போது கிளம்பி, இரவெல்லாம் ஓடி, மறுநாள் மதியத்துக்கு முன் நல்ல வெளிச்சத்தில் கொச்சி வாய்க்குப் போய்ச் சேருங்கள். இரவில் இரண்டு பேர் விழித்திருக்க வேண்டும். டார்ச் ஒன்றே விளக்காக வைத்திருக்கும் வள்ளங்களும், மிதக்கும் வலைகளும் நிறைய. வலைக்கயிறு புரொப்பல்லரில் சுற்றினால் பயணம் அங்கேயே முடிந்தது. கொச்சியில் போல்காட்டித் தீவில் மரினா இருக்கிறது. முன்கூட்டியே பேசி இடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நங்கூரம் பற்றி ஒன்று. நாலு பாகம் (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்) ஆழத்தில் ஆறு பாகம் கயிறு விட்டுவிட்டுப் படுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பகலுக்கு ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு, இரவுக்கு ஏழு மடங்கு விடுங்கள். அப்புறம் இன்ஜினை மெதுவாகப் பின்னுக்குக் கொடுத்து, படகின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்து கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நங்கூரம் இழுபட்டால் கயிறு குறுகுறுவென்று நடுங்கும். பிடித்துவிட்டால் விறைத்து நின்று, படகு லேசாக முன்னுக்கு வர, மெல்லத் தளரும். அந்தத் தளர்ச்சி கைக்குத் தெரியும் வரை யாரும் சோற்றுப் பானையைத் திறக்க வேண்டாம்.

போனில் வானிலை ஆப்பில் காற்று குறைவு என்று காட்டினால் கிளம்பிவிடலாம் அல்லவா?
*வாசகர், களியக்காவிளை*

காற்றை மட்டும் பார்த்தால் கள்ளக்கடலில் மாட்டுவீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், ஒரு இலை அசையாது, ஆனால் அலை வீட்டு முற்றம் வரை வரும். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை அது. வந்து சேர நாட்கள் பிடிக்கும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழுத்துக்கொண்டு போனதும் அப்படிப்பட்ட கடல்தான். எச்சரிக்கை முன்பே வந்திருந்தது.

ஆப்பில் அலையின் உயரத்துக்குப் பக்கத்தில் விநாடிக் கணக்கு ஒன்று இருக்கும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி. ஒரு மீட்டர், ஆறு விநாடி என்றால் குலுங்கிக்கொண்டு போய்விடலாம். ஒரு மீட்டர், பதினாறு விநாடி என்றால் ஆழ்கடலில் ஒன்றுமே தெரியாது; ஆழம் குறைந்த இடத்தில் எழும்பி உடையும். அந்த நாளில் எந்தத் துறைமுக வாயையும் நெருங்காதீர்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இந்த நெடுஅலைகளுக்குத் தனியாக எச்சரிக்கை தருகிறது. கிளம்பும் முன் மாலையும் காலையும் பாருங்கள். சித்திரையில் மலைப்பக்கம் சாயங்காலம் கறுத்தால் அதையும் கணக்கில் எடுங்கள். பாய்மரத்தைவிட உயரமான பொருள் கடலில் வேறு இல்லை, இடிக்கு அது தெரியும்.

பூவாறு பொழிக்குள் (ஆறு கடலில் சேரும் வாய்) நுழைந்து ஆற்றில் நிம்மதியாகத் தங்கலாமே?
*வாசகி, ஊரம்பு*

கோடையில் பெரும்பாலும் மணல் மூடிக் கிடக்கும், திறந்திருந்தாலும் அடிமண் நாளுக்கு நாள் மாறும். அது சுற்றுலாப் படகில் ஆற்றுப் பக்கமிருந்து பார்க்க வேண்டிய இடம். முதலப்பொழியும் தேங்காப்பட்டணத்து வாயும் சுவர் கட்டிய துறைமுகங்கள்தான். அங்கேயே பழகிய வள்ளக்காரர்கள் எத்தனை பேர் கவிழ்ந்திருக்கிறார்கள்!

தடைக்காலத்தில் பாய்மரப் படகு போகலாமா?
*வாசகர், சின்னமுட்டம்*

தடை மீன்பிடிக்கும் விசைப்படகுகளுக்கு. உங்களுக்கு அதில் துறைமுகத்தில் இடம் கிடைக்கிற கணக்குதான் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்தில் இரண்டும் உண்டு. ஆகவே ஏப்ரல் பாதிக்கு மேல் கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் நிறைந்துவிடும். குளச்சலில் விசைப்படகுகள் வெளியே போயிருக்கும் நாட்களில் இடம் கிடைக்கும்.

ஆலப்புழைச் சாகரையில் (கடலில் சேறு கலங்கி நிற்கும் இடம்) கடல் குளம்போல் இருக்கும் என்கிறார்களே, அங்கே நங்கூரம் போட்டால் என்ன?
*வாசகர், குழித்துறை*

பழைய காலத்துக் கப்பல்கள் போட்டிருக்கின்றன. கலங்கிய சேறு அலையை விழுங்கிவிடும். ஆனால் அது மழைக்காலத்துச் சங்கதி, உங்கள் கோடைப் பயணத்துக்கு உதவாது.

யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்?
*வாசகர், நித்திரவிளை*

குளச்சல் கடலோரக் காவல் நிலையத்தில் படகின் பதிவுத் தாள், எல்லோருடைய அடையாள அட்டை நகல், தங்குமிடங்களின் பட்டியல் மூன்றையும் கொடுங்கள். கேரளக் கரையில் இறங்குகிற இடத்திலும் காட்டச் சொல்வார்கள். கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் போலீஸ் 1093. போனில் சிக்னல் போய்விட்டால் விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சானல். ரேடியோ இல்லாமல் கொல்லத்தைத் தாண்டாதீர்கள்.