பெரிய பவளத்தொட்டி: கேளுங்கள், சொல்கிறேன்

ஐந்நூறு லிட்டருக்கு மேல் கடல்நீர்த் தொட்டியும் உயிர்ப் பவளமும் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். இனிமேல் கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "பவளம் சுருங்கிப்போச்சு, என்ன செய்ய?" என்று மட்டும் எழுதாதீர்கள். உப்பு, வெப்பநிலை, ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை, டிகேஹெச் என்ற அலகில் அளப்பது), நைட்ரேட், பாஸ்பேட் ஐந்தையும் எழுதுங்கள். கூடவே போன வாரம் எதையாவது மாற்றினீர்களா என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலும் பதில் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கும்.

கேள்வி: அண்ணா, 800 லிட்டர் தொட்டி. ஞாயிறுதோறும் ஆல்கலினிட்டி பார்ப்பேன். 7-க்கு இறங்கியிருக்கும். பவுடர் போட்டு 9.5-க்கு ஏற்றிவிடுவேன். அக்ரோபோராவின் (கிளைவிடும் கல் பவளம்) நுனியெல்லாம் வெளுத்துக் கருகுகிறது. எந்த அளவில் வைத்தால் சரி? கால்சியத்தையும் அளக்க வேண்டுமா?

பதில்: 7-லும் அக்ரோபோரா வளரும், 9.5-லும் வளரும். ஒரே மாலையில் 7-லிருந்து 9.5-க்குத் தூக்கினால்தான் தாங்காது. எலும்புக்கூடு வேகமாக நீளும் இடம் நுனி. சதை அங்கே மெல்லியது, அதனால் பாதிப்பு முதலில் அங்கே தெரிகிறது.

முதலில் உங்கள் தொட்டி தினம் எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். மூன்று நாள் எதுவும் போடாமல், தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். நீங்கள் சொன்னபடி வாரத்துக்கு 2.5 டிகேஹெச் இறங்குகிறது என்றால் நாளைக்கு 0.36. நூறு லிட்டரில் 1 டிகேஹெச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா, வேண்டும். 800 லிட்டருக்கு 24 கிராம். அப்படியானால் உங்கள் ஒருநாள் செலவு எட்டரை கிராம் சொச்சம், அவ்வளவுதான். அதை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து டோசிங் பம்பில் நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகவிடுங்கள். பம்பு இல்லையா? காலையில் பாதி, இரவில் பாதி, ஓட்டம் பலமாக இருக்கும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள்.

இன்னொன்று, 800 என்பது கண்ணாடிப் பெட்டியின் அளவா, உள்ளே இருக்கும் தண்ணீரின் அளவா? பாறையும் மணலும் இடத்தைப் பிடிக்கும், சம்ப் (கீழே வைக்கும் துணைத்தொட்டி) கூட்டிக் கொடுக்கும். கணக்கு பார்ப்பதற்கு முன்னால் அதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கால்சியத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பவளம் எலும்புக்கூடு கட்டும்போது ஆல்கலினிட்டி 1 டிகேஹெச் குறைந்தால் கால்சியம் 7 பிபிஎம் (பத்து லட்சத்தில் 7 பங்கு) அளவுக்குத்தான் குறையும். 420 இருக்கும் இடத்தில் நாளைக்கு இரண்டரை பிபிஎம் போவது உங்கள் டெஸ்ட் கிட் கண்ணுக்கே தெரியாது. அதனால் ஆல்கலினிட்டியைத் தினமும், கால்சியத்தை வாரம் ஒருமுறையும், மக்னீசியத்தை மாதம் ஒருமுறையும் பார்த்தால் போதும். மக்னீசியம் 1250-க்குக் கீழே போயிருந்தால் மட்டும் முதலில் அதை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் போடுவதெல்லாம் ஹீட்டர்மேலும் பம்புமேலும் வெள்ளையாகப் படிந்துவிடும்.

கேள்வி: சமையல் சோடா, கால்சியம் குளோரைடு என்று இரண்டு புட்டிக் கரைசல், சுண்ணாம்புத் தண்ணீர், கால்சியம் ரியாக்டர். இதில் எது நல்லது?

பதில்: தொட்டியில் கல் பவளம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குறைவாக இருந்தால் சுண்ணாம்புத் தண்ணீரே போதும். அது கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் கொடுக்கும், பிஹெச்சையும் தூக்கும். ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக மட்டும்தான் ஊற்ற முடியும். தினம் எட்டு லிட்டர் ஆவியாகும் 800 லிட்டர் தொட்டிக்கு, முழுச்செறிவில் ஊற்றினாலும் நாளைக்கு 1 டிகேஹெச் சொச்சம்தான் கிடைக்கும். அதன் பிஹெச் 12-க்கும் மேல். தானாக நிரப்பும் மிதவை சிக்கிக்கொண்டு வாளி முழுவதும் உள்ளே போனால் ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும். சிறிய பம்பு, சிறிய வாளி, அதற்கு மேல் ஒரு டைமர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு புட்டிக் கரைசல்தான் பலருக்கும் கைவரும். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் விடாதீர்கள், வெள்ளைப் புகைபோல் எழுந்து வீணாகும். ரியாக்டர் என்பது கார்பன் டை ஆக்சைடை விட்டுப் பவளக் கற்களைக் கரைக்கும் கருவி. தொட்டி நிறைய அக்ரோபோரா, மாண்டிபோரா போன்ற கல் பவளங்கள் வளர்ந்து நிற்பவர்களுக்கு அது மலிவாக முடியும். மற்றவர்களுக்குத் தேவையில்லாத தலைவலி.

கேள்வி: நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் மணல்மேலும் பாறைமேலும் பழுப்பு நிறத்தில் சளிபோல் ஏதோ படர்கிறது, அதில் குமிழ் குமிழாகத் தொங்குகிறது. தண்ணீரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், அதிகமாகத்தான் ஆகிறது.

பதில்: டைனோவாகத்தான் (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) இருக்க வேண்டும். இரவில் குறைந்து மதியம் கூடுகிறதா? நத்தைகள் சாகின்றனவா? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம். முடிந்தால் ஒரு சிறிய மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் பூஜ்யம்தான் இதற்கு வழிவிட்டது. பாசியும் பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும் இடத்தில் இது தழைக்கும். பவளத்துக்கும் அந்தப் பட்டினி ஆகாது, அதன் சதைக்குள் வாழும் நுண்பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை இருக்கட்டும். பாஸ்பேட் உறிஞ்சியைக் கழற்றுங்கள், வினிகர் மாதிரி கார்பன் டோசிங் (பாக்டீரியாவை வளர்க்கப் போடுவது) ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், மீனுக்குக் கொஞ்சம் தாராளமாகத் தீனி போடுங்கள். தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் விடுங்கள். ஆக்டிவேட்டட் கார்பன் மட்டும் ஓடட்டும், டைனோ விடும் விஷத்தை அது கொஞ்சம் பிடிக்கும்.

மைக்ரோஸ்கோப் எதற்கு என்றால், ஆஸ்ட்ரியாப்சிஸ் வகை டைனோ இரவில் மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும், அதனால் யூ.வி. விளக்கு அதைக் கொல்லும். ஆம்ஃபிடினியம் பெருவகை மணலிலேயே கிடக்கும், அதற்கு யூ.வி. வாங்கினால் காசுக்குத்தான் கேடு. அந்தச் சளியைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுக்கும்போது வாய் வைத்து இழுக்காதீர்கள்.

கேள்வி: சார், வேண்டாத ஸோவாந்தஸ் (பொத்தான் போன்ற மென்பவளம்) படர்ந்துவிட்ட பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. கொதிக்க வைக்காதீர்கள், மைக்ரோவேவில் வைக்காதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், பிரஷர் வாஷரைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். ஸோவாந்தஸிலும், அதைவிட அதன் உறவான பாலிதோவாவிலும், பாலிடாக்சின் என்ற கடுமையான விஷம் இருக்கலாம். கொதிக்கும் பாத்திரத்திலிருந்து எழும் ஆவியை மூச்சில் இழுத்து வீட்டில் இருந்த எல்லோரும், நாயும் பூனையும் உட்பட, பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதற்கு மாற்று மருந்து கிடையாது, மருத்துவமனையில் அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை கொடுப்பார்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, தண்ணீருக்கு அடியிலேயே வெட்டு. வெட்டிய பிறகு நாக்கில் உலோகச் சுவை, நெஞ்சில் இறுக்கம், காய்ச்சல், கண் எரிச்சல் என்று எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். "பாலிடாக்சின்" என்ற வார்த்தையை நீங்களே சொல்லுங்கள், எல்லா மருத்துவருக்கும் இது தெரிந்திருக்காது.

கேள்வி: புதுப் பவளத் துண்டு வாங்கினால் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டால் போதுமா?

பதில்: பாதி வேலைதான் அது. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மருந்து கலந்த கடல்நீரை எடுத்து, துண்டைப் போட்டு, ரப்பர் குமிழ் வைத்த பிப்பெட்டால் கிளைகளுக்கு இடையே பீய்ச்சுங்கள். அக்ரோபோரா தட்டைப்புழு இருந்தால் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சின்னச் சின்ன நீள்வட்டங்கள் கிண்ணத்தின் அடியில் சுழன்று விழும். பவளத்தின்மேல் ஒட்டியிருந்தபோது அதே நிறத்தில் இருந்ததால் கண்ணில் படாதவை அவை. கடித்த இடத்தில் வெளிறிய சிறு வட்டங்கள் தெரியும்.

இப்போது துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உயிர்ச்சதை முடிந்து வெற்று எலும்புக்கூடு தொடங்கும் எல்லையில், தேன் நிறத்தில் பொட்டுப் பொட்டாக அடுக்கியிருந்தால் அவை முட்டைகள். எந்த மருந்தும் முட்டையைத் தொடாது. அந்தப் பகுதியையே வெட்டி எறியுங்கள், பழைய அடிக்கட்டையைத் தூக்கிப்போட்டுப் புதியதில் ஒட்டுங்கள். பிறகு தனித் தொட்டியில் ஆறு வாரமாவது வைத்து, வாரம் ஒருமுறை முக்கி எடுங்கள், இடையில் பொரிப்பவை மாட்டும். மாண்டிபோராவுக்கும் இதேதான். அதைத் தின்னும் வெள்ளை நியூடிபிராங்க் (ஓடில்லாத கடல்நத்தை) அடிப்பக்கத்தில்தான் குடும்பம் நடத்தும்.

பெரிய தொட்டிக்காரர்கள்தான் இதில் அலட்சியம் காட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். சின்னத் தொட்டியில் புழு வந்தால் எல்லாத் துண்டையும் வெளியே எடுத்து முக்கிவிடலாம். பாறையோடு பாறையாக வளர்ந்துவிட்ட முழங்கை நீள அக்ரோபோராவை எப்படி எடுப்பீர்கள்?

கேள்வி: மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? இன்வெர்ட்டரில் எதை மாட்டலாம்?

பதில்: முதலில் தீர்வது ஆக்சிஜன். வெப்பநிலை அப்புறம், வெளிச்சம் கடைசி. மீன் நிறைய உள்ள தொட்டியில் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். ஆகவே இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் (அலை உண்டாக்கும் பம்பு) ஒன்றை மாட்டி, தண்ணீரின் மேற்பரப்பு கலங்கும்படி திருப்பிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்றிரண்டு எப்போதும் கைவசம் இருக்கட்டும். விளக்கு இல்லாமல் பவளம் இரண்டு மூன்று நாள் தாராளமாக இருக்கும். மின்சாரம் வரும்வரை தீனி வேண்டாம்.

இதோடு சேர்த்து ஒரு சோதனையையும் செய்துவிடுங்கள். ரிட்டர்ன் பம்பை (சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது) வேண்டுமென்றே நிறுத்தி, மேலிருந்து இறங்கும் தண்ணீர் முழுவதும் சம்பில் அடங்குகிறதா என்று பாருங்கள். தரையில் வழிந்தால் சம்பில் ஓடுமட்டத்தைக் குறைக்க வேண்டும், அல்லது ரிட்டர்ன் குழாயின் சைஃபன் துளை (தண்ணீர் பின்னோக்கி இழுபடாமல் தடுப்பது) அடைத்திருக்கும்.

கேள்வி: வெயில் காலத்தில் தண்ணீர் 29, 30 டிகிரி போகிறது. சில்லர் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: முதலில் ஃபேன் வைத்துப் பாருங்கள். 800 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானால் கணக்குப்படி முக்கால் டிகிரி இறங்கும். காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள இடத்தில் இது வேலை செய்யாது, அப்போது சில்லர்தான். ஃபேன் ஓடினால் ஆவியாவது கூடும், உப்பு அப்படியே நிற்கும், ஆகவே நன்னீரை நிரப்பும் கருவி கட்டாயம். 30-ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பவளம் தன் நுண்பாசியைத் துரத்திவிட்டு வெளுத்துப்போகும். வெளுத்தது உடனே செத்தது ஆகாது. வெப்பத்தை மெதுவாக இறக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, கொஞ்சம் தீனி கொடுத்தால் திரும்பக்கூடும்.

கேள்வி: டார்ச் பவளத்துக்குப் பக்கத்தில் இருந்த மூளைப் பவளத்தில் ஒருபக்கம் மட்டும் சதை போய்விட்டது. நோயா?

பதில்: டார்ச் பவளத்திடம் அடி வாங்கியிருக்கிறது. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து கைவிளக்கு அடித்துப் பாருங்கள், பகலில் காணாத நீளக் கொடுக்கு இழைகள் ஓட்டத்தோடு நீண்டு கிடக்கும். இருபது சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள், கேலக்ஸியா என்ற பவளத்துக்கு இன்னும் அதிகம். தோல் பவளம் தொடாமலேயே தண்ணீரில் ரசாயனத்தை விட்டுச் சண்டை போடும், அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன்தான்.

கேள்வி: பிஹெச், உப்பு அளவு, மீன் நோய், புது விளக்கு என்று சில சின்னச் சின்ன சந்தேகங்கள் அக்கா/அண்ணா.

பதில்: அண்ணாதான். பிஹெச் 7.8 தான் நிற்கிறதா? ஜன்னலைத் திறந்துவிட்டு அளந்து பாருங்கள், ஏறினால் அறையில் கார்பன் டை ஆக்சைடு அதிகம், ஸ்கிம்மரின் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) காற்றுக் குழாயை வெளியே விடுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பை அளக்கும் கருவி) வெறும் தண்ணீரில் சரிசெய்யாதீர்கள், உப்பு 35 அளவுள்ள கரைசலில் செய்யுங்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்கு அதே தொட்டியில் தாமிர மருந்து போடவே கூடாது, பவளமும் இறாலும் போய்விடும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம். எய்ப்டேசியாவை (களைபோல் பரவும் கடல் அனிமோன்) நசுக்காதீர்கள், ஒவ்வொரு துணுக்கும் முளைக்கும். புது எல்.இ.டி. விளக்கை முதல் நாளே முழு வெளிச்சத்தில் விடாதீர்கள், பாதிக்குக் கீழே தொடங்கி நாலைந்து வாரத்தில் ஏற்றுங்கள்.

கேள்வி: பத்து நாள் வெளியூர் போக வேண்டும். தொட்டியைப் பார்த்துக்கொள்ள தம்பி வருவான், அவனுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பதில்: தெரியாதது நல்லதுதான், துணிந்து எதையும் தொடமாட்டான். ஒவ்வொரு நாளுக்கான தீனியையும் தனித்தனிச் சின்ன டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள், மிச்சத்தைப் பூட்டி வையுங்கள். நன்னீர் வாளியில் எதுவரை இறங்கினால் நிரப்ப வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டுங்கள், உப்புத் தண்ணீர் கேனை அவன் கண்ணில் படாமல் வையுங்கள். எந்தச் சத்தம் கேட்டால், எந்தப் பம்பு நின்றால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்பதைப் படம் எடுத்துத் தொட்டியின் பக்கத்தில் ஒட்டுங்கள். புறப்படுவதற்கு முந்தின வாரத்தில் புது மீனோ, புதுப் பவளமோ, புதுக் கருவியோ வேண்டாம். ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.