வானொலிப் பெட்டியும் வெல்வெட் மேலங்கியும்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஆவணியில் நிச்சயம் ஆயிற்று. தை மாதம் கும்பகோணத்தில் திருமணம். நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை, அவர் மயிலாடுதுறையில் வங்கிப் பணியில் இருக்கிறார். கார்த்திகையில் ஒரு நாள் இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். நாங்கள் அணுகிய ஒளிப்படக் கலைஞர் ராயல், ரெட்ரோ, வில்லேஜ், சினிமா என்று நான்கு 'தீம்'களைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ராயல் என்றால் வெல்வெட் உடையும் கிரீடமும் வாளும் வாடகைக்குக் கொடுத்துத் தாராசுரம் கோயிலில் எடுப்பாராம். வில்லேஜ் என்றால் பரிசலில் அமர்த்தி எடுப்பாராம். எனக்கு நிச்சயமானவர் மிகவும் கூச்ச சுபாவி. தாத்தாவின் மர்ஃபி ரேடியோவைப் பிரித்துப் பழுது பார்ப்பதைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் அந்தக் கூச்சம் அவரை விட்டுப் போகும். கல்யாணத்துக்கு முன்னால் தொட்டுக்கொண்டு நின்று படமெடுப்பது எதற்கு என்று அம்மா கேட்கிறார். நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது? பெயரை வெளியிட வேண்டாம்.

வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

அந்த நான்கில் எதுவும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது உங்கள் கடிதத்திலேயே, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியில் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் ராயலைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மனம் பாதி அந்தப் பக்கம் சாய்ந்திருப்பது கடிதத்தில் தெரிகிறது.

தாராசுரம் இரண்டாம் இராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில். அங்கே வாடகைக்கு வரும் வெல்வெட் மேலங்கியைச் சோழ மன்னர் எவரும் கண்டிருக்க மாட்டார். தஞ்சாவூர் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள்: இடையில் மடிப்பு மடிப்பாக ஆடை, மார்பில் அணிகள், தைத்த மேலாடை என்று ஒன்றும் இல்லை. ஜரிகை வைத்த வெல்வெட் நம் நாடக மேடையிலிருந்து சினிமாவுக்குப் போய், அங்கிருந்து வாடகைக் கடைக்கு வந்து சேர்ந்தது. நாடக ராஜாவாக வேடமிட விரும்பினால் அதில் தவறில்லை, ஆனால் அதற்கு நாடகக் கொட்டகைதான் பொருத்தமான இடம். மேலும் தாராசுரம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. முக்காலி, விளக்கு, உடைமாற்று என்று இறங்க வேண்டுமானால் முன் அனுமதி வாங்க வேண்டும், அதை யார் வாங்குவது என்று அந்தக் கலைஞரிடம் கேட்டீர்களா? வழிபாடு நடக்கும் இடம் என்பது தனி. இடத்துக்கென்று ஒரு வேலை இருக்கிறது என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2024 பிப்ரவரியில் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் அரசு மருத்துவமனையின் அறுவை அரங்கிலேயே திருமணத்துக்கு முன் இப்படி ஜோடியாகப் படம் பிடித்துக்கொண்ட ஒப்பந்த மருத்துவர் வேலையை இழந்ததை நினைத்துக்கொள்ளலாம்.

வேடம் போட்டுப் படமெடுப்பதே மட்டம் என்று நான் சொல்லவில்லை. நம் தாத்தா பாட்டிகளும் கல்யாணமான கையோடு ஸ்டுடியோவுக்குப் போய், மாடிப்படியும் பூந்தோட்டமும் வரைந்த திரைக்கு முன்னால் நின்றவர்கள்தாம். அந்தத் திரையும் ஒரு தீம்தான். ஆனால் அங்கே பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. உங்களை ஆறு மணி நேரம் நிற்க வைக்கப் போகிறார்கள். கூச்சமுள்ள ஒருவரால் ஆறு மணி நேரம் ராஜாவாக இருக்க முடியாது. மூன்றாவது நிமிடத்திலேயே கையை எங்கே வைப்பது என்ற கவலை முகத்தில் ஏறிவிடும்.

இருபது ஆண்டுகளாக ஜோடிகளைப் படமெடுத்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டென்றால் அது கையைப் பற்றியதுதான்: கைக்கு வேலை கொடுத்தால் முகம் தானாகச் சரியாகும். ஆகவே நான் தீம் என்ன என்று கேட்பதில்லை, இருவரும் சேர்ந்து என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்பேன். ஒரு ஜோடி, காப்பி போடுவோம் என்றார்கள். அவ்வளவுதானா என்று முதலில் எனக்கும் தோன்றியது. பெண்ணின் பாட்டி வீட்டு அடுக்களையில் பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கக் காத்திருந்த இருபது நிமிடங்கள்தான் அன்றைய ஆல்பத்தில் பாதியாயின. டிகாக்ஷனை யாரும் அவசரப்படுத்த முடியாது. மூடியைத் திறந்து பார்ப்பதும், இன்னும் இறங்கவில்லை என்று மூடுவதும், பேச ஒன்றுமில்லாமல் சிரிப்பதுமாக அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். ஆவி படத்தில் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் அதன் பின்னாலிருந்து வர வேண்டும், பின்புலம் இருட்டாக இருக்க வேண்டும்; கொல்லைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்ததில் இரண்டும் கிடைத்தன. ஆற்றும்போது காப்பி கம்பிபோல உறைந்து நிற்காமல் இழைந்து விழ, ஷட்டர் வேகத்தை 1/125 வினாடி அளவுக்குக் குறைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு டவராவிலும் என் வெள்ளைச் சட்டை பளிச்சென்று தெரிந்தது. அன்றிலிருந்து பித்தளை இருக்கும் இடத்துக்கு நான் கறுப்புச் சட்டையில்தான் போகிறேன்.

உங்கள் விஷயத்தில் அந்த வேலை மர்ஃபி ரேடியோ. அவர் பழுது பார்க்கட்டும், நீங்கள் உதவியாளராக இருங்கள். திருகாணிகளை எடுத்த வரிசையில் தட்டில் அடுக்குவது, டார்ச் பிடிப்பது, துணியால் டயல் கண்ணாடியைத் துடைப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. அவர் ஏன், எப்படி என்று விளக்கட்டும். கணக்கு ஆசிரியைக்கு எதிரே அமர்ந்து ஒருவர் பாடம் நடத்தும் வாய்ப்பு தினமும் வாய்க்காது. தாத்தாவின் அலமாரியில் வானொலி உரிமப் புத்தகம் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ரேடியோ வைத்திருப்பதற்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் கட்டி முத்திரை பெற்ற காலம் அது. அந்த முத்திரைகளின் ஆண்டுகள் தெரியும்படி ஒரு படம் எடுத்தால், ரெட்ரோவுக்கென்று கடையில் வாங்கும் கறுப்புக் கண்ணாடியைவிட அது நூறு மடங்கு மேல்.

கிழக்குப் பார்த்த சன்னல் உள்ள அறையாகப் பாருங்கள். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை, சன்னலுக்கு மெல்லிய நாலு முழ வேட்டி ஒன்றைக் கட்டிவிட்டால் வெளிச்சம் பால்போல இறங்கும். டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். பெட்டியைப் போட்டதும் டயல் விளக்கு எரியும், உள்ளேயிருக்கும் வால்வு என்ற கண்ணாடிக் குழாய்கள் சூடேறிச் சத்தம் வரச் சிறிது நேரம் ஆகும்; இருவரும் மூச்சை அடக்கிக் காத்திருக்கும் அந்த இடைவெளிதான் உங்கள் தொகுப்பின் நடுப்பக்கம், அதைத் தவறவிடாமல் தயாராக இருக்கும்படி கலைஞரிடம் முன்பே சொல்லிவையுங்கள். டயலின் மஞ்சள் வெளிச்சம் மிக மங்கலானது. ஆகையால் சன்னலை முக்கால்வாசி மூடி, கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றி எடுக்க வேண்டியிருக்கும்; அதைப் ஃபிளாஷ் போட்டு அழிப்பவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு. வால்வு ரேடியோவுக்குள் 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும், அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். அவருக்கு இது தெரிந்திருக்கும், படமெடுப்பவருக்குத் தெரியாது. 'கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விடுங்கள் மேடம்' என்று அவர் சொன்னால் கேட்காதீர்கள்.

உடை இரண்டு போதும். திருபுவனம் பட்டுப் புடவையை முகூர்த்தத்துக்கு வைத்துக்கொண்டு, இதற்குக் கைத்தறிப் பருத்தி கட்டுங்கள். ரேடியோ மரம் பழுப்பு நிறம் என்பதால் அரக்கும் காப்பிக்கொட்டை நிறமும் அதில் கரைந்துவிடும். மயில்கழுத்து நிறம் எடுத்துக் காட்டும். பொடிக் கோடுகளும் பொடிக் கட்டங்களும் உள்ள சட்டையை அவர் தவிர்க்க வேண்டும், கேமராவில் அவை நெளிநெளியாகக் கோலம் போடும். முகத்தை வெளுப்பாக்கித் தர வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். கேட்காமலே அதைச் செய்து தருகிறவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர்.

மாலையில் வயல் பக்கம் போகலாம். கார்த்திகையில் சம்பா பச்சைப்பசேலென்று நிற்கும், வரப்பு வழுக்கும், அதனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் படத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குவதால், மேல்நாட்டுக்காரர்கள் பொன்மணி நேரம் என்று சொல்வது இங்கே அரை மணிக்குள் முடிந்துவிடும். அந்த மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் பொழுது சாயும், ஆகையால் ஐந்து மணிக்கே இடத்தில் இருங்கள். பயிரின் பச்சை தாடையின் அடியில் ஏறும். யாராவது வெள்ளை வேட்டியைக் கீழே விரித்துப் பிடித்தால் குறையும். அது அடைமழைக் காலம் என்பதை மறக்க வேண்டாம். மேகமூட்டமாக இருந்தால் கவலையில்லை, மென்மையான வெளிச்சம் இலவசமாகக் கிடைக்கிறது. கொட்டினால் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்பதும் ரேடியோவின் இன்னொரு வசதி.

பரிசல் வேண்டாம். 2020 நவம்பரில் கர்நாடகத்தில் தலைக்காடு அருகே, இதே காவிரியில், திருமணத்துக்குச் சில நாட்களே இருந்த ஒரு ஜோடி இப்படிப் படமெடுக்கப் பரிசலில் போய் மூழ்கி இறந்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

ஒரே ஊர், இரண்டு உடை, ஒரு பகல் என்றால் நாற்பதாயிரம் தாராளம். ஆனால் திருத்திய படங்கள் எத்தனை, மூலக் கோப்புகள் கிடைக்குமா, மழை பெய்தால் மாற்று நாளுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையெல்லாம் முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். இவற்றைவிட முக்கியமாக, திருமணம் முடிந்து நீங்கள் சம்மதம் சொல்லும்வரை ஒரு படத்தையும் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். நான் படமெடுத்த ஒரு ஜோடியின் திருமணம் நின்றுபோயிற்று. அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்து, படங்களை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். உடனே எடுத்துவிட்டேன், ஆனால் அதற்குள் அவை பல கைகளுக்குப் போயிருந்தன. அந்த நிபந்தனையை என் ஒப்பந்தத்தில் நானாகச் சேர்த்தது அதற்குப் பிறகுதான்; முன்பே சேர்த்திருக்க வேண்டும்.

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. தொட்டுக்கொண்டு நிற்கும் படம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு முழு ஆல்பம் செய்ய முடியும். மேசைக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவர், நடுவில் பிரித்துப் போட்ட பெட்டி. திண்ணையில் ஒரு தூணுக்கு இருபுறமும் இருவர். அந்த இடைவெளி நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவிலுள்ள இந்தச் சில மாதங்களுக்கு மட்டுமே உரியது, தைக்குப் பிறகு அதை எடுக்க முடியாது. அம்மாவையும் அழைத்துப் போங்கள். அவர் காலத்து ரேடியோ என்பதால், பெட்டி பாடத் தொடங்கியதும் திருச்சி நிலையம் டயலில் எந்த இடத்தில் வரும் என்று உங்கள் இருவரையும்விட அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

அன்புடன்.