ஒதுக்கி வைத்த மிளகிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கோடை விடுமுறைக்கு மூன்று நாள் தரங்கம்பாடியில் தங்கப் போகிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6. கடல் என்றாலே இரண்டு பேரும் குதிக்கிறார்கள். அங்கே கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்தையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. “லீவுலயும் பாடமா?” என்கிறான் மகன். கணவரும் அவன் கட்சிதான். முழங்கால் வலியோடு மாமியாரும் வருகிறார். வற்புறுத்திக் கூட்டிப் போவதா, விட்டுவிடுவதா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். ஆனால் முதல் நாள் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். திருப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கடல் தினமும் கிடைப்பதில்லை. அன்றைக்கு அவர்கள் ஆசை தீர ஆடட்டும். இரண்டாம் நாள் காலையிலும் கடலுக்கே போங்கள். கோடையில் பத்து மணிக்கு மேல் மணல் காலைச் சுடும், எப்படியும் கிளம்பத்தான் வேண்டும். அந்த நேரம்தான் மியூசியத்துக்குச் சரியான நேரம். கோட்டை கடற்கரையிலேயே இருக்கிறது, தடித்த சுவர், உள்ளே நிழல். கடலாட்டத்தில் ஒரு மணி நேரம்கூட யாருக்கும் குறையப் போவதில்லை என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அவரும் ஒத்துக்கொள்வார். மியூசியத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று மட்டும் தங்கும் இடத்தில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

“பாடமா?” என்று உங்கள் மகன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் என் மகனை அந்த வயதில் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போய், ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னாலும் நிறுத்தி, எழுதியிருந்ததை எல்லாம் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது அறையில் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு பல வருடம் மியூசியம் என்றாலே முகம் சுளித்தான். நான் செய்த தவறு அது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

காலைச் சாப்பாட்டிலேயே தொடங்கிவிடுங்கள். வெண்பொங்கல் வாங்கிக் கொடுங்கள். உங்கள் மகள் மிளகைப் பொறுக்கி இலையோரம் வைப்பாள் அல்லவா? “நீ வேண்டாம்னு வைக்கிற இதுக்காகத்தான் டென்மார்க்கிலிருந்து கப்பலேறி வந்து இங்க ஒரு கோட்டையே கட்டினாங்க” என்று சொல்லிப் பாருங்கள். கதையைக் கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை. 1618-இல் அங்கிருந்து கப்பல்கள் கிளம்பின. முதலில் போனது இலங்கைக்கு. அங்கே காரியம் கைகூடவில்லை. அப்புறம்தான் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1620-இல் ஓவே கெடே என்ற தலைவர் இங்கே கோட்டையை எழுப்பினார். டேன்ஸ்போர்க் என்று பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது டேனிஷ் கோட்டை. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. பதினொரு வயதுப் பையனுக்கு இது போதும், மீதியை அவனே கேட்பான். “கடைசியில என்ன ஆச்சு?” என்றால், 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டார்கள் என்று சொல்லுங்கள். ஊரை விற்க முடியுமா என்று திருப்பிக் கேட்பான். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், அவனே யோசிக்கட்டும்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற கணக்கு வேண்டாம். பீங்கான் பாத்திரங்கள், ஓலைகள், வாள், ஈட்டி என்று பலதும் உண்டு. ஆளுக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரவருக்குப் பிடித்த ஒன்றைத் தேடி, அதை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். நீங்களும் கணவரும்கூட. சின்னவளுக்குப் பெரும்பாலும் திமிங்கல எலும்பு பிடிக்கும். எட்ட நின்றபடியே தன் கையை நீட்டி அளந்து பார்க்கட்டும். மகன் பீரங்கிக் குண்டுகளிடம் போவான். அவை சின்னக் குண்டுகள்தான், அவனுக்கு ஏமாற்றமாக இருக்கும். அவனை மேலே கூட்டிப் போய்க் கடலைக் காட்டுங்கள். பாய்மரம் கண்ணில் பட்டதும் அது நம் கப்பலா, எதிரிக் கப்பலா என்று இங்கே நின்றுதானே பார்த்திருப்பார்கள்! காலையில் தான் விளையாடிய அதே கடல் அவனுக்கு வேறு மாதிரி தெரியும்.

அரை மணி நேரத்தில் “போதும்மா” என்றால் போதும், வெளியே வந்துவிடுங்கள்.

சாயங்காலம் திரும்பக் கடற்கரை. எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இங்கேதான் இருக்கிறது. 1706 ஜூலையில் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் இந்த ஊரில் வந்து இறங்கினார். இளைஞர், தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஒரு வயதான வாத்தியாரைத் தன் இருப்பிடத்திலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அப்படிக் கற்றவர் 1715-இல் இதே ஊரில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார். ராஜ வீதியில் இருக்கும் புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். ஈர மணலில் உங்கள் மகள் தன் பெயரை எழுதட்டும். எழுதி முடித்ததும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆறு வயதுக்காரிக்குத் தன்னைப்போலவே எழுத்துக்கூட்டிய ஒரு பெரியவர் இருந்தார் என்பதே பெரிய அதிசயம்.

உங்கள் மாமியாரைக் கோட்டைப் படி ஏறச் சொல்ல வேண்டாம். அவருக்கென்று பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1306-இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டென்மார்க்காரர்கள் வருவதற்கு முன்னூறு வருடம் முந்தியது. அதில் பெரும் பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகளை அவரோடு அங்கே உட்கார வையுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரை பட்ட பாட்டை அவர் டிவியில் பார்த்திருப்பார், பதறியிருப்பார். பேரன் கேட்டால் அவர் வாயாலேயே சொல்லட்டும். பெட்டிக்குள் இருக்கும் எந்தப் பொருளையும்விடப் பாட்டி சொல்வது அவன் மனதில் தங்கும். சின்னவளுக்கு மட்டும் இரவில் சொல்ல வேண்டாம், மறுநாள் கடலில் கால் வைக்கப் பயப்படுவாள்.

அந்தப் பக்கம் கரையோரம் கருங்கல் கொட்டிக் கிடக்கும். கல்லில் பாசி இருந்தால் வழுக்கும். அங்கே பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.