கழுத்து, அக்குள் மடிப்பில் கருத்துத் தடித்த தோல் எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லையே, ஏன்?

அது அழுக்கு இல்லை, முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். பீர்க்கங்காய் நாரும் எலுமிச்சையும் தோலைப் புண்ணாக்கி இன்னும் கருக்க வைக்கும். பின்கழுத்து வெல்வெட் போலத் தடித்து, சின்னச் சின்ன மருக்களும் தொங்கினால் அது பெரும்பாலும் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்தான்.

வழக்கமான காரணம் இன்சுலின் எதிர்ப்பு. உடல் இன்சுலினைச் சரியாக ஏற்காதபோது கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. ரத்தத்தில் மிகுந்துபோன அந்த இன்சுலின் தோல் செல்களை வேகமாகப் பெருக வைக்கிறது.

அதனால் கிரீம் தேடுவதற்கு முன் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்கள் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

கூடுதல் எடை குறைந்தால் மாதக்கணக்கில் மெல்லத் தெளியும். டாக்டர் சொன்னால் யூரியா, டிரெட்டினாயின் கிரீம்கள் தடிப்பைக் குறைக்கும் (கர்ப்பிணிகளுக்கு டிரெட்டினாயின் கூடாது). ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு கிரீம் வேண்டவே வேண்டாம், மடிப்புத் தோல் மெலிந்து வரி விழும்.

அப்புறம், பிள்ளைகளுக்கு இருந்தால் 'ஒழுங்காகக் குளி' என்று தயவுசெய்து திட்டாதீர்கள்.

நடுவயதுக்கு மேல் திடீரென்று உதடு, உள்ளங்கை வரை பரவி, எடையும் காரணமில்லாமல் இறங்கினால் உடனே மருத்துவரைப் பாருங்கள். அரிதாக அது வயிற்றுப் புற்றுநோயின் அறிகுறி.